சென்டர் ஃபார்வர்டின் வலது முட்டி

முட்டி வலியைப் பற்றி என் மாமியாரிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. இரண்டு முட்டிகளையும் அறுவை சிகிச்சை செய்து மாற்றிக்கொண்டவர் அவர். எந்த வலி மாடிப்படி ஏறும்போது வரும், எது இறங்கும்போது வரும், எது மழைக்கு முதல் நாள் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால், எங்கள் ஹாக்கி அணியின் சென்டர் ஃபார்வர்டு கடைசி லீக் ஆட்டத்தில் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான் முதலில் போன் செய்தது அவருக்குத்தான். அன்றைக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் மைதானத்துக்கு வரவில்லை. அந்த எரிச்சல் குரலிலேயே தெரிந்தது.

"எப்படி விழுந்தான் மாப்ள? சரியா சொல்லுங்க."

"பந்தோட ஓடிட்டே இருந்தார் அத்தை. சட்டுனு திரும்பினார். கால் தரையில நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு."

"டப்புன்னு சத்தம் கேட்டுச்சா? ஜவ்வு கிழிஞ்சா கேக்கும்."

"நான் கேலரியில இருக்கேன் அத்தை. எனக்கு எப்படிக் கேக்கும்?"

"சரி, மூஞ்சி எப்படி இருந்துச்சு? அழுதானா, கோவப்பட்டானா?"

கோபப்பட்டார். ஸ்டிக்கால் தரையை ஓங்கி அடித்ததை நானே பார்த்தேன். சொன்னேன்.

"அப்ப பயமில்ல. ஜவ்வு போனவனுக்குக் கோவம் வராது, அழுகைதான் வரும். நான் அழுதிருக்கேன்" என்றார் அத்தை.

கல்யாணமான புதிதில் இந்த அத்தை என் எதிரில் வந்து நின்றதுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்று என் மனைவியிடம் சொல்வார். ஒருநாள் அவர்கள் வீட்டு டிவியில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. நான் பெரிய மேதாவிபோல, "இதுக்கெல்லாம் பெனால்டி கார்னர் கொடுக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொன்னேன். சமையலறையிலிருந்து, "கால்ல பட்டுச்சு மாப்ள. வட்டத்துக்குள்ள கால்ல பட்டா கொடுத்துத்தான் ஆகணும்" என்று குரல் வந்தது. பின்னாலேயே கரண்டியோடு அத்தையும் வந்தார். மாமனார் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தபோது குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு எதிரிலேயே ஹாக்கி கிரவுண்டாம். சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஆட்டம் பார்த்துப் பார்த்து அத்தனை சட்டதிட்டங்களும் அவருக்குப் பாடமாகிவிட்டன. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கட்சி. "எங்கம்மா என்கிட்ட பேசறதைவிட உங்ககிட்ட பேசறதுதான் அதிகம்" என்று மனைவி குறைபட்டுக்கொள்வாள். மாமனார் போன பிறகு பொன்மலையிலேயே ஒரு சின்ன வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். உறையூரில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், கிரவுண்டு தூரம் என்பார்.

எங்கள் கட்சியில் மூன்றாவது ஆள் என் அலுவலகத்து நண்பர். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. யாரைக் கண்டாலும் 'சுவாமி' என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூட நாளில் கோல் கீப்பராக இருந்தவர், அதனால் முன்னால் ஆடுகிறவர்கள் யார் மேலும் அவருக்கு மதிப்பு கிடையாது. அதிலும் எங்கள் லெஃப்ட் விங் ஆட்டக்காரர் என்றால் ஆகவே ஆகாது. "அந்தப் பிள்ளை பந்தைக் கண்டா பாம்பைக் கண்டாப்போல ஒதுங்கறான் சுவாமி" என்பார்.

லீக் முடிந்து நான்கு அணிகள் மிஞ்சியிருந்தன. ஒரு வாரம் விட்டு அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. எதிரில் கோவில்பட்டி அணி. அந்த ஊரில் குழந்தை தவழும்போதே கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டுதான் தவழும் என்பார்கள். எங்கள் நிலைமையோ படு மோசம். சென்டர் ஃபார்வர்டுக்கு முட்டி. கோல் கீப்பருக்குக் கட்டைவிரல் வீக்கம். பெனால்டி கார்னர் அடிக்கிறவர் டெங்குவில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தார். ஆஸ்பத்திரி வார்டுபோல ஒரு அணி.

ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அந்த வாரம் அதில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை. கோல் கீப்பர் டீக்கடையில் இடது கையால் டீ குடிக்கும் படத்தை ஒருவர் போட்டார். "பாத்தீங்களா, வலது கையை அசைக்கவே முடியல! முடிஞ்சுது கதை!" என்று கீழே ஒரே புலம்பல். நெடுநேரம் கழித்து ஒருவர், "அவர் பிறந்ததுலேர்ந்தே இடது கைக்காரர்" என்று எழுதினார். அதற்குள் இருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டார்கள். டெங்குக்காரருக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா, நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா என்று ஒருநாள் முழுக்கச் சண்டை நடந்தது. ஆனால் முட்டியைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் உறுதியாக எதுவும் தெரியவில்லை. அணித் தரப்பில் வாயே திறக்கவில்லை.

அரையிறுதிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நானும் நண்பரும் அத்தை வீட்டில் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தோம். அத்தை சட்டென்று, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றார்.

"ஆமாம்."

"அந்தப் பையன் சர்ச்சுக்கு வருவான். குடும்பத்தோட முன்னாடிதான் உட்காருவாங்க. பூசையில எல்லாரும் முட்டி போடுவாங்கல்ல? அப்ப தெரிஞ்சிடும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு எளிய பரிசோதனை எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! நண்பர்தான் தயங்கினார்.

"மாமி, அடியேன் இந்தத் திருமண்ணோட அங்க வந்தா நன்னாயிருக்குமா?"

"சாமி கும்பிட வரவங்களை யாரு என்ன சொல்லப் போறா? முன்னெல்லாம் நான் மெழுகுவத்தி ஏத்தப் போவேனே. சும்மா வாங்க."

மறுநாள் காலையில் மூவரும் போனோம். நண்பர் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரும் எங்களை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் நகர்ந்து இடம்கொடுத்து, நண்பர் கையில் பாட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். சென்டர் ஃபார்வர்டின் குடும்பம் எங்களுக்கு நேர் முன்வரிசையில். அவர் மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தார். முழுக்கால் பேன்ட் போட்டிருந்ததால் முட்டியில் கட்டு இருக்கிறதா என்று தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்தது. நண்பர் கண்ணை மூடித் தலையாட்டினார். "மோகனம் சுவாமி!" என்று என் காதில் சொன்னார். வந்த வேலையை மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

மணி அடித்தது. கோயில் முழுவதும் முழந்தாளிட்டது. மற்றவர்கள் முழந்தாளிடும்போது உட்கார்ந்திருக்க மனம் வராமல் நானும் முழந்தாளிட்டேன். அதனால் முன்னால் இருந்த தலைகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தையால் முட்டி போட முடியாது. அவர் மட்டும் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்து, கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"போடல."

நண்பர், "ரங்கா" என்று முனகினார்.

"இருங்க, இருங்க. தோள்ல குழந்தை தூங்குது. அவன் அக்கா குழந்தை. எழுந்துடும்னு போடாம இருக்கான்."

நண்பர் விடவில்லை. "அது காரணமா மாமி, சாக்கா?"

நல்ல கேள்வி. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் கட்டம் வந்தது. சென்டர் ஃபார்வர்டு குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். புன்னகையோடு "சமாதானம்" என்று தலையைத் தாழ்த்தினார். நானும் அத்தையும் "சமாதானம்" என்றோம். நண்பருக்கு அந்த நேரம் பார்த்து என்ன ஆயிற்றோ, பரவசத்தில் கைகளைக் கூப்பி, "க்ஷேமமா இருங்கோ. முட்டி பத்திரம்" என்றார்.

சென்டர் ஃபார்வர்டின் புருவம் ஏறியது. பிறகு மெல்லத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறாரா, கோபமா என்று சொல்ல முடியவில்லை.

நற்கருணை வாங்க அவர் வரிசையில் நடந்து போனபோது மூன்று பேர் கண்ணும் அவர் காலில்தான். வலது கால் இழுக்கிறது என்றேன் நான். இடது என்றார் நண்பர். "ரெண்டும் இல்ல. புது ஷூ கடிக்குது" என்றார் அத்தை.

எதுவும் தெரியாமல் வெளியே வந்தோம். நழுவிவிடலாம் என்று பார்த்தால், "அக்கா!" என்று ஒரு குரல். சென்டர் ஃபார்வர்டின் அம்மா. குவார்ட்டர்ஸில் அத்தைக்கு எதிர் வரிசையில் குடியிருந்தவராம்.

"எத்தனை வருஷமாச்சுக்கா பாத்து! என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான். மெழுகுவத்தி ஏத்தலாம்னு" என்றார் அத்தை. எங்கள் மூவர் கையிலும் ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை.

அந்த அம்மா விடவில்லை. வீடு பக்கம்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படித்தான் நாங்கள் மூவரும் சென்டர் ஃபார்வர்டின் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷெல்ஃபில் அவர் வாங்கிய கோப்பைகள். மூலையில் அவர் ஸ்டிக். அவரே எங்களுக்கு நாற்காலி தூக்கி வந்து போட்டார். நாற்காலியைத் தூக்கும்போது எந்தக் காலில் பலம் கொடுக்கிறார் என்று நாங்கள் கவனித்ததை அவரும் கவனித்தார்.

ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. நண்பர் வெளியில் சாப்பிடுகிறவர் இல்லை. அவருக்கு அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தையே கொண்டுவந்து வைத்தார். அத்தை பாயாவைப் பார்த்ததும், "தம்பிக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. முட்டிக்கு நல்லது" என்றார்.

சென்டர் ஃபார்வர்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஆன்ட்டி, நீங்க மெழுகுவத்தி ஏத்த வரல. என் முட்டியைப் பாக்கத்தானே வந்தீங்க?"

பொய் சொல்வதற்கு இனி வழியில்லை. அத்தையும் ஒளிக்கவில்லை. "ஆமாண்டா தம்பி. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. காட்டு, பாப்போம்."

அவர் உள்ளே போய் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு வந்து காலை நீட்டினார். ஊரே கவலைப்படும் முட்டி எங்கள் கண்ணெதிரே. அத்தை அதை ஒரு டாக்டரைப்போல இங்கே அழுத்தி, அங்கே அழுத்தி, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிப் பார்த்தார். நண்பர் வாழைப்பழத்தை உரித்தபடியே உறைந்துவிட்டார்.

"வீக்கம் வத்திடுச்சு. ஆனா உள்ள இன்னும் இறுக்கம் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார் அத்தை.

"டாக்டரும் அதேதான் சொன்னார் ஆன்ட்டி." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளில சொல்லாதீங்க. முழு மேட்ச் தாங்காது. இடைவேளைக்கு அப்புறம்தான் இறங்கப் போறேன். அதுவரைக்கும் பெரிய கட்டா கட்டிக்கிட்டு பெஞ்சுல உட்காரச் சொல்லியிருக்கார் கோச். கோவில்பட்டிக்காரங்க நான் அவ்வளவுதான்னு நெனச்சுக்கட்டும்."

நாங்கள் மூவரும் சத்தியம் செய்தோம். நண்பர் பெருமாள் மேல் செய்தார். நான் மனைவி மேல் செய்தேன். அத்தை தன் புது முட்டிகள் மேல் செய்தார்.

அடுத்த சில நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்படி ஓர் இன்பமான வேதனையை நான் அனுபவித்ததில்லை. குழுவில் எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். 'முட்டி போச்சு, கோப்பையும் போச்சு' என்று ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். நான் பதில் எழுதுவேன், அழிப்பேன், எழுதுவேன், அழிப்பேன். அலுவலகத்தில் நானும் நண்பரும் கண்ணோடு கண் பார்த்தாலே சிரிப்பு பொங்கும். மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். வியாழக்கிழமை அத்தையிடம் போனில் பேசும்போது நண்பர் போனைப் பிடுங்கி, "மாமி, அடியேனால தாங்க முடியல. பெருமாள்கிட்ட மட்டும் சொல்லிட்டேன்" என்றார்.

"அவரு வேற யார்கிட்டயும் சொல்லிட மாட்டாரே?"

"சயனத்துல இருக்கார் மாமி. அவர் எங்க எழுந்து போய்ச் சொல்லப் போறார்!"

சனிக்கிழமை மைதானத்தில் கூட்டமென்றால் கூட்டம். செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அணி வந்தது. கடைசியாக சென்டர் ஃபார்வர்டு, காலில் தலையணை போன்ற ஒரு கட்டோடு, இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கேலரி முழுவதும் 'ஐயோ' என்றது. கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்கு முன்னால் வாட்ஸப் குழுவின் பெரிய குரல்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இடைவேளைக்குள் கோவில்பட்டி ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கமிருந்து ஒரு பந்துகூட அவர்கள் வட்டத்துக்குள் உருப்படியாகப் போகவில்லை. குரல்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாரும் செத்துக்கிட்டிருக்கோம், நீங்க சிரிக்கிறீங்க?"

அத்தைதான் காப்பாற்றினார். "அவருக்குப் பல்லு வலி தம்பி. வாய் அப்படி இழுத்துக்குது."

மூன்றாவது கால்பகுதி தொடங்கும் முன் பெஞ்சில் ஏதோ அசைவு. சென்டர் ஃபார்வர்டு குனிந்து, கட்டைச் சுற்றிச் சுற்றிப் பிரிக்க ஆரம்பித்தார். துணி நீளமாக வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று பிரிந்து, அவர் எழுந்து நின்று இரண்டு முறை குதித்தபோது எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டன. நண்பர் பஞ்சகச்சத்தோடு இருக்கை மேல் ஏறி நின்றார். குரல்காரர் யாரையோ கட்டிக்கொண்டார். அந்த யாரோ நான்தான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் அதன் பிறகு ஒரு கோலும் அடிக்கவில்லை. ஓடவே இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அவர் எங்கே நின்றாலும் கோவில்பட்டியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால் இடது பக்கம் காலி. அங்கே யார் இருந்தது? பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குகிறாரே, அந்த லெஃப்ட் விங். பந்து அவரிடம் வந்தது. தடுக்க ஆளில்லை. அவருக்கே ஆச்சரியம்போல ஒரு கணம் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஓடினார், அடித்தார், கோல்!

"என் செல்லமே! என் தங்கமே!" என்று கத்தினார் நண்பர்.

"அவரையா சொல்றீங்க?" என்றேன்.

"நான் எப்பவும் சொல்லிண்டுதானே இருக்கேன் சுவாமி, பிள்ளைக்கு நல்ல கால்னு!"

கடைசி நிமிடங்களில் கோவில்பட்டிக்கு ஒரு பெனால்டி கார்னர். எல்லோரும் கோல் கீப்பரின் கட்டைவிரலை நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அந்த மனிதர் பந்தைக் காலால் உதைத்துத் தள்ளினார். ஒரு வாரம் நாங்கள் விவாதித்த கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை. உடனே எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள், எங்களுக்கும் ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. டெங்குக்காரர் வந்து நின்றார். பந்தை இழுத்து வீசினார். உடம்பில் தெம்பில்லை. வழக்கமாகத் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும் பந்து, காய்ச்சல்காரன் நடப்பதுபோலத் தள்ளாடிக்கொண்டு போனது. வேகமாக வரும் என்று நம்பி எதிரணிக் கோல் கீப்பர் முன்கூட்டியே வலது பக்கம் பாய்ந்து படுத்துவிட்டார். பந்து இடது பக்கமாக, அவசரமே இல்லாமல், உருண்டு உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. விசில் ஊதினார்கள். அத்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஆபரேஷன் செய்த முட்டிகளோடு மூன்று படி இறங்கிவிட்டார். நானும் நண்பரும் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். "விடுங்க மாப்ள, வலியே இல்ல!" என்றார். கீழே சென்டர் ஃபார்வர்டு எங்கள் பக்கம் பார்த்து, தன் முட்டியைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். குரல்காரர் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவர் கேட்டபோது நண்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

இறுதிப் போட்டியில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். டெங்குக்காரர் பாதியிலேயே மூச்சு வாங்கி வெளியே வந்துவிட்டார், சென்டர் ஃபார்வர்டை இறக்கவே இல்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அத்தைக்கும் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அரையிறுதியை மட்டும் பந்து பந்தாகச் சொல்வோம்.

அரையிறுதி முடிந்த அன்று சாயங்காலம் நண்பரை என் காரில் ஸ்ரீரங்கத்தில் விடப் போனோம். ரங்கநாதரிடம் நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று அத்தையும் ஏறிக்கொண்டார். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. ஆற்றின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நண்பர் பின்சீட்டில் உட்கார்ந்து லெஃப்ட் விங்கின் கோலை நான்காவது முறையாக விவரித்துக்கொண்டிருந்தார். அத்தையால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் காய்கறி மூட்டையோடு ஸ்கூட்டரில் நின்ற ஒருவரிடம், "ஜெயிச்சிட்டோம்ங்க!" என்றார்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் மலர்ந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா! எந்தக் கட்சி?"

"கட்சி இல்லங்க, ஹாக்கி!"

"ஹாக்கியா! அதைவிட சந்தோஷம்" என்று சொல்லி, மூட்டையிலிருந்து இரண்டு முள்ளங்கியை எடுத்து ஜன்னல் வழியாக அத்தை மடியில் போட்டார். அதற்குள் முன்னாலிருந்த பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.